பதினைந்தாம் தேதிக்குள்

மார்ச் 18

55,100.

அமெரிக்காவில் சர்வதேச உறவுகள் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ஏப்ரல் பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். கடன் நாற்பது லட்சம், வட்டி 11 சதவீதம், பத்து வருடம், மாதத் தவணை இது. மூன்று இடத்தில் போட்டுப் பார்த்தேன், அதே எண்தான் வருகிறது. இப்போது நான் வாங்கும் சம்பளம் 34,000.

மார்ச் 20

பெரியப்பா போனை எடுக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

புழல் இலங்கை அகதிகள் முகாம். நான் எடுக்கும் இங்கிலீஷ் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி மட்டும் நின்றாள். "அக்கா, நீங்க படிச்சிட்டு வந்தா எங்க பேப்பர சரி பண்ண முடியுமா?" என்று கேட்டாள். இங்கேயே பிறந்தவள், பிளஸ் டூ வரை இங்கேயே படித்தவள். பெற்றோர் இருவருமே இலங்கையர் என்பதால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைச் சட்டத்திருத்தத்தில் இருக்கும் மூன்று நாடுகளில் இலங்கை இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும், ஆனாலும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், அவள் கையில் இருக்கும் அகதி அட்டை மாறவில்லை.

இதற்காகத்தான் நான் இந்தப் படிப்பைப் படிக்க நினைக்கிறேன். இதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது, வட்டிக் கணக்குப் போட்டுப் போட்டு மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 24

பேங்க். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன் வேண்டும் என்றார்கள், தெரிந்ததுதான். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது. தாத்தா பெயரில் வாங்கிய வீடு என்பதால் பெரியப்பா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும் வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு எழுந்தபோது அந்த ஆபீசர் சாதாரணமாகக் கேட்டார், "படிக்கும்போது ஏறுற வட்டியச் சேத்தீங்களாம்மா?"

நான் சேர்க்கவில்லை.

செமஸ்டருக்குப் பத்து லட்சமாக நான்கு தவணை, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தனிவட்டி. 9.9 லட்சம். அதையும் அசலோடு சேர்த்துப் பத்து வருடம் கட்டினால் மாதம் 68,737. பேருந்திலேயே போட்டேன். சைதாப்பேட்டையில் இறங்க வேண்டியவள் கிண்டி வரை போய்விட்டேன்.

மார்ச் 25

68,737.

மார்ச் 29

இன்று முழுக்கச் சம்பளப் பக்கம்தான். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு அறிக்கையை நான்காவது தடவையாகப் படித்தேன். சராசரி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது யாருடைய சராசரி என்று யோசிக்க யோசிக்க வயிறு கலங்குகிறது. அதில் ஒரு பெரிய பங்கு அரசு வேலை. அமெரிக்க வெளியுறவுத் துறையில் தூதரக அதிகாரியாகச் சேர அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும், எனக்கு அந்தக் கதவே கிடையாது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டு 2025 ஜூலை 1-ஆம் தேதி மூடியே போனது. அதன் பணத்தை நம்பி இருந்த தொண்டு நிறுவனங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. அவர்களும் நான் தேடப்போகிற அதே வேலையைத்தான் தேடுவார்கள், பதினைந்து வருட அனுபவத்தோடு. ஐ.நா. தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் இல்லை, நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ வாடகையை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். படிப்பு முடிந்து அமெரிக்காவில் வேலை பார்க்க எனக்குக் கிடைப்பது 12 மாதம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இன்னும் 24 மாதம் கூடுதலாக உண்டு, என் படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

அறிக்கையில் நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் கன்சல்டிங் போனவர்கள். அதற்குப் போகவா புழலிலிருந்து கிளம்புகிறேன்?

இன்னொன்று. சம்பளத்தைச் சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்று ஓரமாக ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2

அப்பா ஃபைலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "எனக்கு 64. கடன் முடியறப்ப எனக்கு 77 ஆகும்ல?" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. சரி பார்த்துக்கொள்கிறவர் மாதிரிதான் கேட்டார். நான் ஆமாம்பா என்றேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

புழலுக்குப் போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

இதே படிப்பை டெல்லியில் படித்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜேஎன்யூவின் சர்வதேசப் படிப்புகள் பள்ளி 1955-ல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970-ல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. வருடக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய், செலவெல்லாம் மெஸ்ஸுக்கும் ரயிலுக்கும்தான். மார்ச்சில் அந்த நுழைவுத் தேர்வை ஒப்புக்கு எழுதினேன். ஏன் ஒப்புக்கு எழுதினேன்? ஒழுங்காகப் படித்திருந்தால் இன்று இந்த வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருந்திருக்கும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள், எனக்கு ஜூன் மாதம்தான் அது முடிகிறது. விண்ணப்பித்து, தேர்வாகி, போய்ச் சேர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல். ஒரு வருடம் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று அம்மா கேட்கிறாள். பதில் இல்லை. ஆனால் இந்த இடத்தை அடுத்த வருடம் தருவார்களா?

ஏப்ரல் 8

டாலர் டிசம்பரிலேயே 90-ஐத் தாண்டிவிட்டது. அவர்கள் ஒரு காசு ஏற்றாவிட்டாலும் என் ஃபீஸ் ஏறுகிறது.

ஏப்ரல் 9

உதவித்தொகையைக் கூட்டச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய மெயிலுக்குப் பதில் இல்லை.

ஏப்ரல் 11

பெரியப்பா வந்தார். காபி குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், நானும் அம்மாவும் மாறி மாறி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் என் நோட்டைக் கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். 68,737-இல் விரலை வைத்து, "இதக் கட்டணும்னா நீ வேற வேலைக்குப் போகணும். அப்ப அந்தப் புள்ளைங்க?" என்றார்.

கையெழுத்துப் போட மாட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். "புதன்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் போடு, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரவு முழுக்க அழுதேன், எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி.

மெயில் வந்துவிட்டது. வருடத்துக்கு 6,000 டாலர் கூடுதலாகத் தருகிறார்கள். கடன் 29 லட்சத்துக்கு இறங்கும், வட்டியெல்லாம் சேர்த்து மாதம் 49,800 சொச்சம். அப்பாவிடம் காட்டினேன், அவர் நல்லது என்றார். எனக்கு இது நல்ல எண்ணா என்றே தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் 55,100-ஐப் பார்த்துப் பயந்தவள்தான் நான், இப்போது 49,800-ஐப் பார்த்து மூச்சு விடுகிறேன், என் சம்பளம் இன்னும் அதே 34,000.

அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் புத்தாண்டு வாழ்த்து. பதில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று.

ஏப்ரல் 15, காலை 8 மணி

டோக்கன் 10.40-க்கு. அப்பா பையோடு வாசலில் நிற்கிறார். அமெரிக்காவில் இன்னும் பதினான்காம் தேதி இரவுதான்.