பாட்டிக்கு வந்த கடிதம்

பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி இன்று காலை ஒரு கடிதத்தோடு வந்தார். உள்ளே காசோலை மாதிரியே ஒரு தாள்.

"இதை வங்கியில் போட்டால் போதுமா?"

கூடவே ஒரு பத்திரம் இருந்தது. கையெழுத்துப் போட்டால் தாத்தா விட்டுப்போன எண்ணெய் உரிமை மொத்தமும் கைமாறிவிடும்.

இங்கே டெக்சாஸில் மேல் நிலம் ஒருவருக்கும் அடியில் உள்ள எண்ணெய் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். பாட்டியின் குடும்பம் நிலத்தை எப்போதோ விற்றுவிட்டது. அடியில் இருப்பதை மட்டும் விடவில்லை.

எண்ணெய் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டால் உரிமை நம்மிடமே இருக்கும், எடுக்கிற எண்ணெயில் ஒரு பங்கு ராயல்டியாகவும் வரும். பழைய குத்தகைகளில் எட்டில் ஒரு பங்கு, இப்போது கால் பங்கு வரைகூடக் கிடைக்கிறது. விற்றால் அதோடு சரி. குத்தகை போலத் தோன்றும் விற்பனைப் பத்திரங்களில் 'இது குத்தகை அல்ல' என்று பெரிய எழுத்தில் போட வேண்டும் என 2019-இல் சட்டமே கொண்டுவந்தார்கள்.

விற்பதே தப்பு என்று சொல்லமாட்டேன். ஷேல் என்னும் இறுகிய பாறையிலிருந்து எண்ணெய் எடுக்கும் கிணற்றில் முதல் வருடத்திலேயே உற்பத்தி பாதிக்கு மேல் விழும். வயதான காலத்தில் மொத்தப் பணம் பெரிய உதவி.

ஆனால் விலை சொல்கிறவருக்குத் தெரிந்தது விற்கிறவருக்கும் தெரிய வேண்டாமா?

எண்ணெய்க் கிணறுகளுக்கு அனுமதி தரும் டெக்சாஸ் அரசு அமைப்பான ரயில்ரோடு கமிஷனின் இணையதளத்தில் இருவரும் உட்கார்ந்து தேடினோம். அவர் பங்குள்ள இடத்தில் புதிதாக இரண்டு கிணறுகளுக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள்.

பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறோம்.