ஆயர் வராத ஞாயிறுகளுக்கு ஆள் தயாரிப்பது

ஒரு சேகரத்தில் எட்டுப் பத்து கிளைச் சபைகள், ஆயர் ஒருவர்தான். திருவிருந்து வைக்கும் ஞாயிறு அவர் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது சபை ஊழியர், இல்லையென்றால் ஓய்வுபெற்ற வாத்தியார், அவரும் இல்லையென்றால் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. நெல்லைச் சீமைக்கு இது புதிதல்ல. பாளையங்கோட்டைச் சபையைக் கவனிக்க ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அனுப்பிய சத்தியநாதன் அப்போது வெறும் உபதேசியார்தான். குருப்பட்டம் 1790-இல்தான் கிடைத்தது. வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி என்று நாம் பெரும்பாலும் கொடுப்பது மூன்று நாள் முகாம். பத்துப் பன்னிரண்டு உரை, ஒரு குறிப்பேடு, கடைசி நாளில் சான்றிதழ், குரூப் போட்டோ. அடுத்த ஞாயிறு அதே பழைய பிரசங்கம்தான். காரணம் எளிது: மூன்று நாளும் கேட்டார்கள், ஒருவர்கூட எழுந்து நின்று பேசவில்லை, யாரும் அவரைத் திருத்தவில்லை.

1963-இல் குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரிக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல். கிராமத்துச் சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தையும் நிலத்தையும் விட்டு விடுதிக்கு வர முடியாதவர்கள். எனவே கல்லூரியே அவர்களைத் தேடிப் போனது: வீட்டில் தானே படிக்கும் பாடம், வாரம் ஒருமுறை பக்கத்து ஊரில் கூடிப் பேசுவது, சொந்தச் சபையிலேயே செய்துபார்ப்பது. 1970-களின் தொடக்கத்தில் பெங்களூரில் தொடங்கிய டாஃப்டீ என்ற இறையியல் கல்வி அமைப்பு இந்த முறையைத்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மூன்றில் எதை விட்டாலும் பயிற்சி நொண்டும். நம் ஊரில் வழக்கமாக விடுபடுவது மூன்றாவது.

ஒரு சேகரம் தன் அளவில் செய்யக்கூடியது 12 வார வகுப்பு. வாரம் ஒரு மாலை, 2 மணி நேரம், 8 பேர். ஏன் 8? வாரத்துக்கு இரண்டு பேர் பேசினால் நான்கு வாரத்தில் ஒரு சுற்று முடியும். 12 வாரத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று முறை வரும். 20 பேரைச் சேர்த்தால் ஒரு சுற்றுக்கே பத்து வாரம் போய்விடும். கமிட்டியில் "எல்லாரையும் சேர்த்துக்கொள்ளலாமே" என்பார்கள். அடுத்த அணிக்கு ஒத்திவைப்பது நல்லது.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: போன வாரம் செய்த வேலையைச் சொல்ல 20 நிமிடம், இரண்டு பேர் பேசித் திருத்தம் வாங்க 40, வேதபாடம் 40, ஜெபமும் அடுத்த வார வேலையும் 20. வேதபாடம் நீண்டு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்பதுதான் ஆபத்து. நடத்துபவருக்கே கடிகாரம் தேவை.

முதல் சுற்றில் பிரசங்கமே வேண்டாம். ஒரு பகுதியைச் சத்தமாக வாசித்து 5 நிமிடம் விளக்கினால் போதும். பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், எபேசியர் முதல் அதிகாரத்தை மூச்சுத் திணறாமல் வாசிப்பதே தனி வேலை. மூச்சு எடுக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். செருபாபேல், நேபுகாத்நேச்சார் போன்ற பெயர்களை முந்தின நாளே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். வாசிப்பு தடுமாறினால் சபை அங்கேயே கவனத்தை விட்டுவிடும்.

இரண்டாம் சுற்று 10 நிமிடப் பிரசங்கம். நிமிடத்துக்குச் சுமார் 90 முதல் 100 சொல் என்று வைத்தால் 900 சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது. திங்கட்கிழமை பகுதியை முன்னும் பின்னும் உள்ள அதிகாரத்தோடு வாசிப்பது. செவ்வாய், யார் யாரிடம் என்ன சூழ்நிலையில் பேசுகிறார் என்று எழுதுவது. புதன்கிழமை, சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. அந்த வாக்கியம் வராவிட்டால் மேலே போகக் கூடாது. திரும்ப வாசிக்க வேண்டும். வியாழன் முழுவதும் எழுதி, வெள்ளி வெட்டி, சனி நின்றுகொண்டு பேசிப் பார்ப்பது.

எங்கே தவறுகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். புதியவர் கையில் இது கிடைத்தால் நான்கு பேரும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு, ஜெபம் ஆகிவிடுவார்கள். கட்டிலின் நான்கு காலுக்கும் பெயர் வந்துவிடும். பகுதியின் நடுவில் இயேசு பாவமன்னிப்பைச் சொன்னதும், வேதபாரகர் அதற்கு முகம் சுளித்ததும் காணாமலே போகும். இன்னொரு வகை, "தண்ணீர்" என்ற சொல்லைப் பிடித்து ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை ஓடுவது. இரண்டுக்கும் வேர் பயம்: எடுத்த பகுதி பத்து நிமிடத்துக்குத் தாங்காது என்ற பயம். மருந்து ஒரு விதி: ஒத்துவாக்கியம், அதாவது வேதத்தின் வேறு இடத்திலிருந்து எடுத்துக்காட்டும் வசனம், இரண்டுக்கு மேல் கூடாது.

விஷயம் தீர்ந்ததும் குரல் ஏறுவது, யூடியூப் பிரசங்கியாரின் கரகரப்பு வருவது, "அல்லேலூயா சொல்லுங்க" இடைவெளியை நிரப்புவது எல்லாம் கைபேசியில் பதிவுசெய்து கேட்கவைத்தால் பாதி குறையும். சபைத் தேர்தலைப் பிரசங்கத்தில் நுழைப்பது மட்டும் அப்படிக் குறையாது. போட்டியிடுகிறவர் பெயரைத் தேர்தல் மாதங்களில் பிரசங்கப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

திருத்துவதிலும் முறை உண்டு. பேசியவர் முதலில் தானே சொல்லட்டும். பிறகு கேட்டவர்கள், தாங்கள் கேட்ட ஒரே செய்தி என்ன என்று பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். ஏழு சீட்டில் ஏழு விதமான பதில் வந்தால் வேறு விமர்சனம் தேவையில்லை. அறுபது வயதுத் தலைமையாசிரியர் ஐயாவிடம் இருபத்திரண்டு வயதுத் தம்பி நேரில் குறை சொல்ல மாட்டான், சீட்டு சொல்லிவிடும். நடத்துபவர் ஒரு நிறை, ஒரு குறையோடு நிறுத்த வேண்டும். ஐந்து குறை சொன்னால் ஒன்றும் திருந்தாது.

மூன்றாம் சுற்று கிளைச் சபையில், உண்மையான ஆராதனையில். நடத்துபவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

சந்திப்பு ஊழியத்துக்கு இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும்; லூக்கா 10-இல் இருப்பதுதான். வீட்டில் 20 நிமிடம், மருத்துவமனையில் 10-க்குள். நோயைத் தோண்டிக் கேட்பது, "விசுவாசம் போதவில்லை" என்பது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, மூன்றும் கூடாது. கேட்டதை வகுப்பில் பெயரோடு சொல்லவும் கூடாது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பழகியவர்கள் இதில் மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னே இருப்பார்கள். அவர்களைப் பிரசங்கப் பட்டியலில் சேர்க்காமல் விடுவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வெளி மிஷனரிப் பணி தனிப் பாடம். 1903-இல் வே. ச. அசரியா முன்னின்று தொடங்கிய நெல்லை இந்திய மிஷனரி சங்கம் தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பியபோது, போனவர்கள் முதலில் தெலுங்கு கற்க வேண்டியிருந்தது. பின்னால் அங்கே பேராயராக இருந்த அசரியா, ஞானஸ்நானம் பெற்றவர்களை அவரவர் தலைமேல் கைவைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லவைத்தார். சாட்சி சொல்லும் வேலை கூலி ஊழியரிடம் மட்டும் இருக்கவில்லை. பத்து நாள் பயணம் போகிற இளைஞர் குழுவுக்கும் மொழி, சாப்பாடு, உடை பற்றி நான்கு வகுப்பாவது வேண்டும். ஒடிசாவில் 1967, மத்தியப் பிரதேசத்தில் 1968 முதல் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சேலையும் அரிசியும் கொடுக்கும் கூட்டத்தில் சுவிசேஷம் சொல்லக் கூடாது. விசுவாசத்தைப் பற்றி விசாரிக்க வந்தவர்களின் படம் வாட்ஸ்அப்பில் ஏறக் கூடாது. அந்தப் படத்தால் அடிபடுகிறவர்கள் ஊர் திரும்பிய நாமல்ல.

12 வாரம் முடிந்ததும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் முறை வரும்படி பட்டியல் போடலாம். மாதம் ஒரு மாலை எல்லாரும் கூட வேண்டும். சேகரக் கமிட்டி கொடுக்கும் அனுமதிக் கடிதம் ஓராண்டுக்கு மட்டும், புதுப்பிக்காவிட்டால் காலாவதி. பேச வராதவர்கள் எட்டுப் பேரில் ஒருவர் இருவராவது இருப்பார்கள். அவர்களைச் சந்திப்புக்கோ ஓய்வுநாள் பள்ளிக்கோ மாற்றுவதை ஆயர் தனியாக, நேரில் சொல்ல வேண்டும். அறிவிப்புப் பலகையில் அல்ல.