தப்பு யார் மேல் என்று கேட்டு வருகிறவர்களுக்கு

குடும்ப சிகிச்சைக்கு வருகிறவர்கள் முதல் நாளே தீர்ப்பை எதிர்பார்ப்பார்கள். தீர்ப்புச் சொன்னால் தோற்றவர் மறுமுறை வரமாட்டார். அதனால் முதல் ஓரிரு அமர்வுகள் குடும்பத்தைப் படமாக வரைவதிலேயே போகும்.

படத்துக்குப் பெயர் ஜெனோகிராம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குப் பெருக்கல் குறி, ஓயாத சண்டைக்கு நெளிகோடு. மூன்று தலைமுறையாவது வேண்டும். கூடவே திருமணம், சாவு, வேலை இழப்பு எல்லாவற்றுக்கும் வருடம் போட வேண்டும். வருடம் இல்லாத படம் வெறும் உறவுமுறைப் பட்டியல். தாத்தா இறந்ததும் பேரன் பள்ளிக்குப் போக அடம்பிடித்ததும் அடுத்தடுத்த மாதங்கள் என்பது தேதி எழுதும்போதுதான் கண்ணில் படும்.

"அப்பா எப்ப கிளம்புறார்னு கேளு." பிள்ளையிடம் சொல்வது அம்மா, அப்பா அதே அறையில்தான் இருக்கிறார். இருவருக்கு நடுவே இறுக்கம் ஏறினால் மூன்றாமவரை இழுத்துக்கொள்ளும் இந்த முக்கோணத்தை விளக்கியவர் முர்ரே போவென். 1954 முதல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் குடும்பங்களை வார்டிலேயே தங்கவைத்துக் கவனித்தவர். முதல் வீட்டுப்பாடம்: ஒரு வாரம் பிள்ளை வழியாகத் தூது கூடாது. பல வீடுகளில் பிள்ளையே வலியத் தூது போகும். வீட்டின் மௌனம் பெரியவர்களைவிட அதற்குத்தான் பயம்.

சுபாவத்தோடு மல்லுக்கட்டுவது வீண். ஆளுக்கு ஆள் சுபாவம் வேறுபடுவதில் ஏறக்குறைய பாதிக்கு மரபணு காரணம் என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். ஒதுங்கிப் போகிறவரைப் பேச்சுக்காரராக்க முடியாது. பதில் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கலாம். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு: ஒருவர் துரத்தத் துரத்த, மற்றவர் விலகுவார்.

சண்டை நடுவே நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் பேச்சை நிறுத்திவிடுவது நல்லது. அந்த நிலையில் காது கேட்கும், விஷயம் ஏறாது. உடம்பு தணிய 20 நிமிடமாவது பிடிக்கும். இங்கே இரண்டு தவறுகள் வழக்கம். எப்போது வருவேன் என்று சொல்லாமல் எழுந்து போவது ஒன்று. மற்றவருக்கு அது கைவிட்டுப் போவதாகவே படும். வெளியே போய் அடுத்த பதிலடியை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பது இன்னொன்று. துடிப்பு இறங்கவே இறங்காது. ("என் அமிக்டலா அப்படி" என்று சாக்குச் சொல்கிறவர்களும் உண்டு. மூளையில் பயத்தைக் கிளப்பும் பகுதியான அமிக்டலா எல்லோருக்கும்தான் இருக்கிறது.)

அடி உதை நடக்கும் வீடென்றால் இதெல்லாம் பொருந்தாது. அங்கே எல்லோரையும் ஒன்றாக உட்காரவைக்கக் கூடாது. அறையில் உண்மை பேசியவர் வீட்டில் அதற்கு அடி வாங்குவார். முதலில் தனித்தனியாகவே பேச வேண்டும்.