மல்லியும் வேட்டுச் சத்தமும்

ஆகஸ்ட் 15, 2025

ஆடிக் கடைசி வெள்ளி. கோயிலில் வேட்டுப் போட்டார்கள். என் நாய் மல்லி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். இரண்டு மணி நேரம் தேடி, கடைசியில் பம்புசெட் அறையில் மோட்டாருக்கும் சுவருக்கும் இடையில் கண்டுபிடித்தேன். தரையைப் பறித்துப் பறித்து முன்னங்கால் நகங்களில் ரத்தம்.

பெரியப்பா வந்து பார்த்தார். "முயல் புடிக்கிற சாதி, வேட்டுக்குப் பயப்படலாமா? கட்டிப்போட்டு பக்கத்துல நாலு வெடியப் போடுப்பா, தானாத் தெளிஞ்சிரும்."

அதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மல்லி பால் கன்னி என்கிற நாட்டு வேட்டைநாய். கண்ணால் பார்த்துத் துரத்துகிற இனம். இந்தக் கரிசலில் நாயோடு போனவர்கள் கம்போடுதான் போனார்கள், துப்பாக்கியோடு இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வேட்டையும் கூடாது. லாப்ரடார் மாதிரி தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கிப் பக்கத்திலேயே வளர்த்த நாயா இவள்?

ஆகஸ்ட் 18

கால்நடை மருத்துவர் காதையும் மூட்டுகளையும் அழுத்திப் பார்த்தார். உடம்பில் வலி இருந்தால் சத்தத்துக்குப் பயம் கூடுமாம். இவளுக்கு அப்படி எதுவும் இல்லை. மயக்க மருந்து கேட்டேன். சிலது உடம்பை மட்டும் படுக்க வைக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும் என்றார். பயிற்சிக்கு ஒரே விதிதான் சொன்னார்: முதலில் சத்தம், உடனே தீனி. மாற்றிச் செய்தால், தீனியைப் பார்த்ததும் சத்தம் வரப்போகிறது என்று பயப்படப் பழகிவிடும்.

ஆகஸ்ட் 24

போனில் வெடிச் சத்தம், எனக்கே கேட்டும் கேட்காத அளவில். அப்புறம் அவித்த ஆட்டு ஈரல், சுண்டுவிரல் நக அளவு. ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

ஒன்று கவனித்தேன். பயத்தில் இருக்கும்போது முன்பற்களால் வெடுக்கென்று பிடுங்குகிறாள், விரலில் பல் படுகிறது. தெளிந்திருந்தால் உதட்டால் மெதுவாக எடுக்கிறாள். இனி என் விரல்தான் அளவுகோல்.

செப்டம்பர் 9

போன் சத்தத்தை முழுதாக வைத்தும் அசையவில்லை. ஆனால் போனில் அந்த அதிர்வு வராதே! இன்று தீபாவளித் துப்பாக்கி, ரோல் கேப். தம்பி கிணற்றுமேட்டில், நாங்கள் நூற்றைம்பது எட்டு (காலடி) தள்ளி. சுடுகிற கையைத் துண்டால் சுற்றிக்கொண்டான். காது ஒருமுறை திரும்பியது, ஈரலை உதட்டால் எடுத்தாள்.

செப்டம்பர் 21

தப்பு செய்துவிட்டேன். நன்றாகப் போகிறதே என்று நூறு எட்டிலிருந்து ஒரேயடியாக நாற்பதுக்கு வந்தேன். கொட்டாவி விட்டாள், உதட்டை நக்கினாள், வால் வயிற்றுக்குள் போய்விட்டது. ஈரல் மண்ணில் கிடந்தது, மோந்துகூடப் பார்க்கவில்லை. கொட்டாவியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று நாள் சும்மா விட்டு, மறுபடி நூற்றைம்பதிலிருந்து.

அக்டோபர் 5

முப்பது எட்டு! இன்று சுட்டது பெரியப்பா. நான் கூப்பிடவில்லை, அவரே வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். "வால நிமித்திட்டாளே" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்டோபர் 12

தெருப் பையன்களிடம் பேசி, ஊர்க்கோடியில் பிஜிலி வெடி, ஒன்று ஒன்றாக. சிவகாசி பக்கத்தில் இருக்கிற ஊர், வெடிதான் பல வீடுகளுக்குச் சோறு. வெடிக்காதே என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். எப்போது என்று எனக்குச் சொல்லிவிட்டு வெடித்தால் போதும். இருநூறு எட்டு. பல் பட்டது, ஆனால் சாப்பிட்டாள்.

அக்டோபர் 20

தீபாவளி. இன்று பயிற்சி கிடையாது, பாதுகாப்பு மட்டும். விடிவதற்குள் இரண்டு கயிறு போட்டு வெளியே கூட்டிப்போய் வந்தேன். அரசு அனுமதித்தது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெருவில் அந்தக் கணக்கு இல்லை. உள்ளறை ஜன்னலில் போர்வை, ஃபேன் முழு வேகம், ரேடியோவில் நாதஸ்வரம். இரவு அணுகுண்டு வெடித்தபோது உடம்பெல்லாம் நடுங்கி என் மடியில் தலையைப் புதைத்தாள். தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பார்கள். அது சரியில்லை. தடவிக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்து ஒரு துண்டு ஈரல், பல்லால். அடுத்தது உதட்டால்.

அக்டோபர் 22

மழை ஈரத்தில் கிணற்றுப் பக்கம் நடந்தோம். எங்கோ மிச்ச வெடி ஒன்று டமார் என்றது. மல்லி நின்றாள். காது பின்னால் போய் வந்தது. திரும்பி என் சட்டைப் பையைப் பார்த்தாள். ஈரல் கொண்டுபோகவில்லை. பொட்டுக்கடலை கொஞ்சம் இருந்தது, கொடுத்தேன்.