டயரைத் தின்பது டோ: அலைன்மென்டுக்கு வண்டியை விடும் முன்

அலைன்மென்ட் செய்து கொஞ்ச நாளிலேயே டயரின் உள் ஓரம் மொட்டையாகிறது என்றால், மெஷினைக் குறை சொல்லும் முன் வண்டியின் அடியைப் பாருங்கள். சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைத் திருத்துவதுதான் அலைன்மென்ட். அந்தக் கோணத்தைப் பிடித்து வைத்திருக்கும் மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் மெஷின் மேல் ஓர் அளவு, ஓடும்போது வேறோர் அளவு. மெஷின் தரும் அளவுத் தாள் (பிரிண்ட்) எல்லாம் சரி என்று முழுக்கப் பச்சையாக வந்தாலும் டயர் தேய்வது நிற்காது.

முதலில் டயரையே படிக்கலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. இதற்கு அலைன்மென்ட் தேவையே இல்லை. அங்கங்கே குழி விழுந்தது போல் இருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ பார்க்க வேண்டும். ஒரே ஓரம் வழவழவெனத் தேய்ந்திருந்தால் கேம்பர் பக்கம், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தின் பக்கம், சந்தேகம் போகலாம். டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் நேர்த் திசையிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. அது தவறினால் வரும் அடையாளம் கண்ணை விடக் கைக்குத்தான் நன்றாகத் தெரியும். டயரின் குறுக்கே, வெளி ஓரத்திலிருந்து உள்ளே ஒரு முறை, உள்ளேயிருந்து வெளியே ஒரு முறை உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பப் பல் போல் உரசினால் டோ கெட்டிருக்கிறது. உள்ளிருந்து வெளியே தடவும்போது உரசினால் டோ-இன் (சக்கரத்தின் முன்பகுதி உள்நோக்கித் திரும்புவது) அதிகம். வெளியிலிருந்து உள்ளே வரும்போது உரசினால் டோ-அவுட் (வெளிநோக்கித் திரும்புவது). கையைக் கவனமாக வையுங்கள், தேய்ந்த டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம்.

டயரை அதிகம் தின்பது டோதான். ஒரு சக்கரம் போகும் திசையிலிருந்து 10 நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு திரும்பி நின்றாலே, கணக்குப்படி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2.9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் 29 கி.மீ.! ரப்பர் வளைந்து கொடுப்பதால் இத்தனையும் முழு உரசலாக மாறாது, ஆனாலும் மிச்சம் போதும் டயரை முடிக்க. பிரிண்டில் டோ மி.மீ.யில் இருந்தால், 15 அங்குல ரிம்மின் விட்டத்தை வைத்து அளக்கும்போது 1 மி.மீ. என்பது சுமார் 9 நிமிடம். அந்த எண் ஒரு சக்கரத்துக்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

கேம்பர் அவ்வளவு கொடியதல்ல. டோ சரியாக இருந்தால் மைனஸ் 1 டிகிரி கேம்பரோடு (சக்கரத்தின் மேற்பகுதி உள்பக்கம் சாய்வதுதான் மைனஸ்) டயர் நிம்மதியாக ஓடும். மைனஸ் கேம்பரும் டோ-அவுட்டும் சேரும்போதுதான் உள் ஓரம் வேகமாகக் கரைகிறது. காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு, டயரை நேரடியாகத் தேய்ப்பதில்லை. ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதும், வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் அதன் விவகாரம். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ, கேம்பர் எந்தப் பக்கம் ப்ளஸ் நோக்கி அதிகமோ, அந்தப் பக்கம் வண்டி இழுக்கும்.

இனி அடியில் பார்க்க வேண்டியவை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துவிட்டு, சக்கரத்தைக் கடிகாரத்தின் 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டு (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) அல்லது ரேக் (அந்தக் கம்பியைத் தள்ளும் ஸ்டியரிங் பாகம்). 12, 6 இடங்களில் ஆட்டம் என்றால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். லோயர் ஆர்ம் புஷ்ஷை (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் ரப்பர் மூட்டு) லிவர் கொடுத்து நெம்பினால் ரப்பர் கிழிந்திருப்பது தெரிந்துவிடும். இவற்றில் எது போயிருந்தாலும் அதை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். புது புஷ் போடும்போது ஒன்று கவனியுங்கள்: வண்டி தரையில் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் அந்த போல்ட்டை இறுதியாக டைட் செய்ய வேண்டும். சக்கரம் தொங்கும்போது டைட் செய்தால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

மெஷினில் ஏற்றும்போது டயர்கள் குளிர்ந்த நிலையில் சரியான காற்றோடும், டிக்கி சாமான் இல்லாமலும் இருக்கட்டும். ரிம் லேசாக வளைந்திருந்தாலும் கணக்குக் கெடாமல் இருக்க, முதலில் ரன்-அவுட் (சுழலும்போது ரிம் ஆடும் அளவு) சரிபார்ப்பு செய்ய வேண்டும். வேலை பின்சக்கரத்தில் தொடங்கும். முன்பக்கத்தில் காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. வரிசை மாறினால் வேலை வீண், ஏனென்றால் கேம்பரைத் தொட்டாலே டோ நகரும். பல கார்களில் பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம். அங்கே திருகுவதற்கு எதுவும் இல்லை. இருந்தாலும் பின் டோவை அளந்தே ஆக வேண்டும். இடதும் வலதும் சமமாக இல்லாவிட்டால் வண்டியின் பின்பகுதி கோணலாகத் தள்ளும், ஸ்டியரிங் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

முன் டோ திருத்தும் இடத்தில் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டிவிட்டு, டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருப்புவார்கள். ரேக்கை மூடும் ரப்பர் உறையான பூட், ராடின்மேல் கிளிப்பால் ஒட்டியிருக்கும். கிளிப்பைத் தளர்த்தாமல் ராடைத் திருப்பினால் பூட் முறுக்கிக்கொண்டு கிழியும். தண்ணீரும் மண்ணும் உள்ளே போய் ரேக்கே கெடும். சின்ன கிளிப்தான், தொல்லை பெரிது. ஒரு பக்க ராடை மட்டும் திருப்பி மொத்த டோவைக் கொண்டுவந்தால் எண் சரியாக இருக்கும், ஸ்டியரிங் கோணலாகிவிடும். இரு பக்கமும் தனித்தனியாகத் திருத்தி, லாக் நட்டைப் பூட்டிய பிறகு மறுபடி அளவு பார்ப்பதுதான் முறை. பூட்டும்போதே ராடு கொஞ்சம் திரும்பிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் வண்டி இழுத்தால், திசைக்குறி இல்லாத டயராக இருக்கும்பட்சத்தில், முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் போனால் குற்றவாளி டயர். 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவதை அலைன்மென்ட் தீர்க்காது, பேலன்சிங் வேண்டும்.

அலைன்மென்ட் முடிந்தாலும் ஏற்கெனவே ரம்பமாகிவிட்ட டயர் சில ஆயிரம் கி.மீ. உறுமத்தான் செய்யும். அதற்காகத் திரும்பத் திரும்ப டோவை மாற்றாதீர்கள். டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் டெப்த் கேஜால் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றையும் அளந்து குறித்துவைத்து, அடுத்த ரொட்டேஷனில் (டயர்களை இடம் மாற்றிப் போடும்போது), 8,000 முதல் 10,000 கி.மீ.க்குள், மறுபடி அளந்தால் வித்தியாசம் கூடுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியும். பின் டயரின் உள் ஓரம் குனிந்தாலும் கண்ணில் படாது. மொபைல் கேமராவை அடியில் நீட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.