மறதிநோய் உள்ளவரிடம் பேசும் விதம்

டிமென்ஷியா வந்த பெரியவரைக் குளிக்க வைப்பது பல வீடுகளில் தினசரிப் போராட்டம். பாதிச் சண்டை நம் வாயால் வருவதுதான்.

பின்னாலிருந்து கையைப் பிடித்தால் திடுக்கிட்டு அடிக்கக்கூட வருவார். எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, "அப்பா, நான் செல்வி" என்று தொடங்குங்கள். "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்ற பரீட்சை வேண்டவே வேண்டாம்.

"எந்திரிச்சு, துண்டை எடுத்துட்டு, குளிக்க வாங்க" என்பதில் மூன்று கட்டளைகள். மனதில் ஒன்றும் நிற்காது. "வெந்நீர் ரெடி, வாங்கப்பா" போதும். சொன்னபின் 10 விநாடியாவது காத்திருங்கள். அதற்குள் வேறு வார்த்தைகளில் கேட்டால் அவருக்கு அது புதுக் கேள்வி, முதலிலிருந்து யோசிப்பார். மறுத்தால் விட்டுவிட்டு, 20 நிமிடம் கழித்துக் கேளுங்கள். ஒருநாள் குளிக்காவிட்டால் குடி முழுகாது.

இறந்துபோன மனைவியைத் தேடினால், "அம்மா செத்து அஞ்சு வருஷமாச்சே" என்று திருத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. "அம்மா நெனப்பு வந்துருச்சாப்பா? அவங்க மீன்கொழம்பு எப்படி வைப்பாங்க?" என்று பேச்சைத் திருப்பலாம்.

நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று குழம்பிக் கத்தினால், பேச்சால் சரிக்கட்டப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றிப்போவது எதுவும் காரணமாக இருக்கலாம்.