நீல மூடியைத் தொடாதீர்கள்

போன கோடையில் சென்னைக்குப் போகும் வழியில், வளைகுடாவில் விமானம் மாறும் இடத்தில், அதிகாலை மூன்று மணிக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி என் பையனின் எபிபென்னை உறையிலிருந்து உருவித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்ததில் தவறே இல்லை, அது அவர் வேலை. ஆனால் அவருடைய கட்டைவிரல் ஆரஞ்சு நிற முனையின் மேல் இருந்தது, இன்னொரு கை நீல மூடியைப் பிடித்து இழுக்கப் போனது. பேனா மூடி என்று நினைத்துவிட்டார். "நோ, நோ, நீடில்!" என்று நான் கத்திய கத்தலில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

எபிபென்னைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வாமை முற்றி மூச்சு அடைக்கும்போது உயிர் காக்கப் போடும் அட்ரினலின் ஊசி அது, பார்க்கப் பெரிய பேனா மாதிரி இருக்கும். நீல மூடிதான் அதன் பூட்டு. அதை உருவிவிட்டால், ஆரஞ்சு முனையைத் தொடையில் அழுத்திக் குத்தினவுடன் உள்ளேயிருந்து ஊசி பாய்ந்து மருந்து இறங்கிவிடும், பேன்ட் மேலேயே குத்தலாம். அவசரத்தில் தலைகீழாகப் பிடித்துத் தன் கட்டைவிரலிலேயே குத்திக்கொள்பவர்கள் உண்டு. அட்ரினலின் விரலுக்குள் போனால் அங்கே ரத்த ஓட்டம் சுருங்கிவிடும், மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். அந்த மனிதருக்கு அது நடந்திருந்தால் பாவம். எங்களுக்கோ பாதி வழியில் ஒரு பேனா போயிருக்கும், அதற்குப் பிறகு இன்னும் நான்கு மணி நேரம் பறக்க வேண்டும்.

என் பையனுக்கு ஏழு வயது. முந்திரி, பிஸ்தா, வேர்க்கடலை மூன்றும் ஆகாது. இரண்டு வயதில் ஒரு வாய் கேசரி சாப்பிட்டு, உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்த அந்த இரவிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எபிபென் இல்லாமல் அவனோடு தெருமுனைக்குக்கூடப் போவதில்லை. நியூ ஜெர்சியில் இருக்கிறோம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊருக்குப் போகிறோம். ஐந்து வருஷம் இப்படிப் போய் வந்ததில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது, ஏனென்றால் முதல் தடவை போகும் அம்மாக்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "செக்யூரிட்டியில பிடுங்கிடுவாங்களா?"

பிடுங்க மாட்டார்கள். நான் இதுவரை கடந்த எந்த விமான நிலையத்திலும் பிடுங்கவில்லை. திரவங்களுக்கு 100 மில்லி என்ற கட்டுப்பாடு வந்ததே 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கப் போட்ட சதி பிடிபட்ட பிறகுதான், அந்தக் கட்டுப்பாட்டிலும் மருந்துக்கும் குழந்தைகளின் பாலுக்கும் விலக்கு இருக்கிறது. எபிபென்னில் உடம்புக்குள் போகும் மருந்து 0.3 மில்லிதான். ஊசி இருக்கிறதே என்று பயப்படவும் வேண்டாம். அமெரிக்காவில் விமான நிலையச் சோதனையை நடத்தும் டிஎஸ்ஏ அதிகாரியிடம் முதலிலேயே "மருந்து இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் போதும். எக்ஸ்ரேயில் போனாலும் மருந்து கெடாது. உங்களுக்கு மனசு கேட்கவில்லை என்றால், பெல்ட்டில் வைப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துச் சோதிக்கும்படி கேட்கலாம். டிஎஸ்ஏ கேர்ஸ் என்று ஓர் உதவி எண்ணும் இருக்கிறது, பயணத்துக்கு 72 மணி நேரம் முன்னால் கூப்பிடச் சொல்வார்கள். முதல் பயணத்தின்போது கூப்பிட்டேன், பொறுமையாகப் பேசினார்கள்.

ஆக, பிடுங்குவதைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. மருந்து ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் ஆகிவிடுவதுதான் என் பயம். விமான நிலையத்தில் அது எத்தனை இடத்தில் நடக்கிறது என்று கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும்.

முதல் பயணத்தில் நானே அதைச் செய்தேன். இரண்டு பேனா கைப்பையில், கூடுதலாக வாங்கிய இரண்டு செக்-இன் பெட்டியில். பிரித்து வைத்தால் பத்திரம் என்று நினைத்தேன். பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தது. இந்த மருந்தை 20 முதல் 25 டிகிரியில் வைக்க வேண்டும், இடையில் 15 முதல் 30 வரை போனால் தாங்கும் என்று அதன் தாளிலேயே போட்டிருக்கிறது. அந்த இரண்டு நாள் பெட்டி எந்த வெயிலில் கிடந்ததோ யாருக்குத் தெரியும். வந்தபின் எடுத்துப் பார்த்தால் மருந்து தெளிவாகத்தான் இருந்தது, ஆனாலும் அவற்றை நம்பி அவனை ஒரு கல்யாண வீட்டுக்கு அழைத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. இப்போது நான்கும் எங்கள் கையில்தான். நான்கு எதற்கு என்றால், ஒன்று குத்தி 5 முதல் 15 நிமிடத்துக்குள் சரியாகாவிட்டால் இரண்டாவது போட வேண்டியிருக்கும், அதனால் இரண்டு எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஊரில் சாதாரண மருந்துக்கடையில் போய் எபிபென் கேட்டு வாங்கிவிட முடியாது. மருத்துவமனைகளில் அட்ரினலின் ஆம்பூல், அதாவது மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி, இருக்கும், அதை உடைத்து ஊசியில் ஏற்றிப் போடத் தெரிந்தவர் வேண்டும்.

விமானத்திலும் இதே கதைதான். "பிளேன்லயே மருந்து வெச்சிருப்பாங்களே" என்று என் மாமனார் சொல்வார். வைத்திருக்கிறார்கள், அமெரிக்க விமானங்களின் அவசர மருத்துவப் பெட்டியில் எபிநெஃப்ரின் (அட்ரினலினின் இன்னொரு பெயர்) இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் விதி கேட்பது ஆம்பூலை. பயணிகளில் டாக்டரோ நர்ஸோ இருந்து, எழுந்து வந்து, பெட்டியைத் திறந்து, அளந்து போட வேண்டும். என் பையனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்த அன்று எங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்கவில்லை.

இன்னொரு இடம், ஏறும் வாசல். மேல் அலமாரி நிறைந்துவிட்டது என்று கடைசியில் வருகிறவர்களின் கைப்பெட்டியை வாங்கிச் சீட்டு ஒட்டிக் கீழே அனுப்பிவிடுவார்கள். ஓர் உள்நாட்டுப் பயணத்தில் என் பெட்டியையும் அப்படி வாங்கினார்கள், நானும் போர்டிங் பாஸைத் தேடிக்கொண்டே கொடுத்துவிட்டு நாலு எட்டு நடந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்துக்கொண்டு வந்தேன். கை நடுங்கியது. அன்றைக்கு முடிவு செய்தேன், மருந்து பெட்டியிலும் இல்லை, தோள்பையிலும் இல்லை, இடுப்பில் கட்டும் சின்னப் பையில்தான். கைக்குட்டைகூட அதில் வைப்பதில்லை. நான்கு பேனா, இன்ஹேலர், கடிதம், அவ்வளவுதான். முன் இருக்கையின் பாக்கெட்டில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள், இறங்கும் அவசரத்தில் அங்கேயே விட்டுவிடுவோம்.

அந்த இடுப்புப் பையையும் சோதனையில் கழற்றி ட்ரேயில் வைக்கத்தானே வேண்டும்? அதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறோம். என் கணவர் முதலில் கடந்து அந்தப் பக்கம் போய் நிற்பார். பிறகு நான் பையை மட்டும் தனி ட்ரேயில் வைத்து, அது உள்ளே போவதைப் பார்த்துவிட்டுப் பையனை அனுப்புவேன். கடைசியில் நான். பை வெளியே வரும்போது எடுக்க அவர் இருப்பார், பையன் வரும்போதும் அவர் இருப்பார். தனியாகப் பிள்ளையோடு போகிறவர்கள் மற்ற சாமான்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டு, மருந்து ட்ரேயைக் கடைசியாக வைத்து, உடனே நடந்துவிடுவது நல்லது.

இந்திய விமான நிலையங்களில் இது மாறும், அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அங்கே பெண்களுக்குத் தனி வரிசை, திரை போட்ட அறைக்குள் பெண் காவலர் சோதிப்பார். சென்னையிலிருந்து திரும்பும்போது நான் அந்தப் பக்கம் போய்விட்டேன், பையன் அவரோடு ஆண்கள் வரிசையில், மருந்துப் பை என் ட்ரேயில். என் வரிசை நகரவே இல்லை. பத்து நிமிடம் இருக்கும், எனக்கு அது பத்து மணி நேரம். இப்போதெல்லாம் இந்தியாவில் பை அவர் இடுப்பில், பையன் யாரோடு போகிறானோ அவரோடுதான் மருந்தும். சென்னையில் சோதனை செய்யும் மத்தியப் படையான சிஐஎஸ்எஃப் காவலர்களுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்று, அவர் இந்தியில் "பச்சே கீ தவாயீ" (குழந்தையின் மருந்து) என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் கற்று வைத்திருக்கிறார். போன தடவை அந்தக் காவலர் கடிதத்தைப் படித்துவிட்டு, பையனின் தலையைத் தடவி, பையைத் திறக்காமலே கொடுத்தார்.

கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அது கட்டாயம் இல்லை, வழியில் மற்ற நாடுகளில் அது இருந்தால் பேச்சு குறையும். எங்கள் அலர்ஜி டாக்டரிடம் கேட்டு ஒரே பக்கத்தில் வாங்கியிருக்கிறோம். பையனின் பெயர், என்ன ஒவ்வாமை, இந்தக் கருவிக்குள் ஊசி இருக்கிறது, எந்நேரமும் பிள்ளையோடு கேபினில் இருக்க வேண்டும், மூடியை யாரும் கழற்றக் கூடாது. அந்தக் கடைசி வரி வளைகுடாவுக்குப் பிறகு சேர்த்தது. மருந்தின் பெயரை இரண்டு விதமாகவும் எழுதச் சொல்லுங்கள். அமெரிக்கச் சீட்டில் எபிநெஃப்ரின் என்றிருக்கும், இந்தியாவிலும் பிரிட்டனிலும் அதையே அட்ரினலின் என்பார்கள், இரண்டும் ஒன்று என்று நள்ளிரவில் கவுன்ட்டரில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம் நம்முடைய இனிஷியல் பிரச்சினை. பையனுக்கு அப்பா பெயர்தான் கடைசிப் பெயர், எனக்கு என் அப்பா பெயர். மருந்துக்கடைக் கணினியிலோ அவன் பெயர் வேறு மாதிரி பாதியில் நின்றிருந்தது. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மருந்துச் சீட்டில் ஒரு பெயர், கூட வருகிற அம்மாவுக்கு இன்னொரு பெயர் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். போன் செய்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மாற்றச் சொன்னேன், ஐந்து நிமிட வேலை. சீட்டு ஒட்டியிருப்பது அட்டைப்பெட்டியின் மேல், அதனால் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். இடமில்லை என்றால் மடித்தாவது வையுங்கள்.

அலர்ஜி சிரப் பாட்டில்கள் இங்கே பெரும்பாலும் 120 மில்லி, அதாவது 100 மில்லியைத் தாண்டியது. மருந்து என்று சொன்னால் டிஎஸ்ஏவில் விடுகிறார்கள், ஆனால் எல்லா இடத்திலும் வாதாட எனக்குத் தெம்பு இல்லை, மென்று தின்னும் மாத்திரையாக வாங்கிக்கொள்கிறேன். சிரப்பையும் மாத்திரையையும் நம்பி எபிபென்னைத் தள்ளிப் போடாதீர்கள் என்பதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அரிப்புக்கும் தடிப்புக்கும் அது சரி, மூச்சு அடைக்கும்போதும் ரத்த அழுத்தம் விழும்போதும் அது காப்பாற்றாது. 2016 ஜூலையில் லண்டனிலிருந்து நீஸ் போன விமானத்தில் நடாஷா எட்னன்-லாபெரூஸ் என்ற 15 வயதுப் பெண், விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியில் இருந்த எள்ளால் மயங்கி விழுந்து, அன்றே நீஸ் மருத்துவமனையில் இறந்தாள். லேபிளில் எள் என்று போட்டிருக்கவில்லை. அப்பா கூடவே இருந்தார், இரண்டு எபிபென்னும் குத்தினார், அப்படியும் போய்விட்டாள். அவள் பெயரில்தான் 2021 அக்டோபரில் பிரிட்டனில் உணவு லேபிள் சட்டம் வந்தது. இரண்டு குத்தியும் இப்படி என்றால், ஒன்றும் கையில் இல்லாமல் முப்பதாயிரம் அடி உயரத்தில் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்தத் தடவை நெவார்க்கில் என் பையன் எனக்கு முன்னால் போய், அதிகாரியிடம் தானே இங்கிலீஷில் "என் மருந்து இந்தப் பையில் இருக்கிறது, ஊசி இருக்கிறது, நீல மூடியைத் தொடாதீர்கள்" என்று சொன்னான். அவர் குனிந்து "யெஸ் சார்" என்றார்.

டிசம்பரில் மறுபடி போகிறோம். நேற்றிரவு நான்கு பேனாக்களையும் எடுத்துத் தேதி பார்த்தேன், இரண்டு நவம்பரில் முடிகிறது. பையன் இப்போது 26 கிலோ, 0.15 மில்லிகிராம் பேனா 30 கிலோ வரைதான், அடுத்தது பெரியதற்கு மாற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் புதிது வாங்க வேண்டும். நாளைக் காலை முதல் வேலை அந்தப் போன்.